பொதுக் கணினியில் அப்டேட்: அட்மின் அனுமதி எதற்கு, அதை யார் தர வேண்டும்?

பலரும் மாறி மாறி உட்காரும் கணினி. வேலையைத் தொடங்கிய சில நிமிடங்களில் திரை ஓரத்தில் ஒரு அறிவிப்பு: புதிய பதிப்பு வந்திருக்கிறது, அப்டேட் செய்யவா? சரி என்று அழுத்தினால் திரை மங்கி, நடுவில் ஒரு பெட்டி அட்மின் (கணினி முழுவதையும் மாற்றும் அதிகாரம் உள்ளவர்) பாஸ்வேர்டு கேட்கிறது. உட்கார்ந்திருப்பவரிடம் அது கிடையாது. பெட்டியை மூடிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறார். அடுத்து வருபவரும் அதையே செய்கிறார். பள்ளி ஆய்வகம், நூலகம், ஷிப்டு மாறும் அலுவலகம், குடும்பம் முழுக்க ஒரே கணினியைப் பயன்படுத்தும் வீடு என எல்லா இடத்திலும் நடப்பது இதுதான். அறிவிப்பு மாதக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும், பதிப்பு மட்டும் பழையதாகவே இருக்கும்.

இதைச் சமாளிக்க இரண்டு குறுக்கு வழிகள் வழக்கத்தில் உண்டு. எல்லோருக்கும் அட்மின் பாஸ்வேர்டைச் சொல்லிவிடுவது ஒன்று. அறிவிப்பே வராமல் அணைத்துவிடுவது இன்னொன்று. இரண்டுமே ஆபத்து. அனுமதியை ஆளுக்குத் தருவதா, வேலைக்குத் தருவதா என்று பிரித்துப் பார்க்காததால்தான் இரண்டுமே நடக்கின்றன. அப்டேட் என்பது கணினிக்கு நடக்க வேண்டிய வேலை. அந்த நேரத்தில் நாற்காலியில் யார் இருக்கிறார் என்பதை அது நம்பியிருக்கக் கூடாது. இதைச் சரியாகச் செய்யும் வழிகள் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இருந்தும் பல இடங்களில் யாரும் அவற்றைத் தொடவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அந்தப் பெட்டி யாரைக் காக்கிறது?

பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியைப் பார்த்ததும், 'என்னை நம்பவில்லை போல' என்றுதான் பலருக்கும் தோன்றும். உண்மையில் அது காப்பது உங்களுக்கு அப்புறம் வந்து உட்காரப் போகிறவரை.

ஒரு கணினியின் வட்டில் இரண்டு வகை இடங்கள் இருக்கின்றன. ஒன்று உங்கள் சொந்த ஃபோல்டர்: உங்கள் ஆவணங்கள், படங்கள், உங்களுக்கான செட்டிங்குகள். அங்கே நீங்கள் எதை எழுதினாலும் அழித்தாலும் மற்றவருக்குப் பாதிப்பில்லை. இன்னொன்று எல்லோருக்கும் பொதுவான இடம். விண்டோஸில் 'விண்டோஸ்', 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டர்களும் செட்டிங்குகளைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியின் பொதுப் பகுதியும் அப்படிப்பட்டவை. மேக்கில் 'அப்ளிகேஷன்ஸ்', லினக்ஸில் 'யூஎஸ்ஆர்' ஆகியவையும் அதே வகை. அங்கே இருக்கும் ஒரு புரோகிராமை மாற்றினால், அதைத் திறக்கும் ஒவ்வொருவரின் கையிலும் அந்த மாற்றம் ஓடும். அப்டேட் என்பது பெரும்பாலும் இந்தப் பொது இடத்தில் ஃபைல்களை மாற்றும் வேலை. அதனால்தான் அனுமதி கேட்கிறது.

இந்தப் பூட்டைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பழைய கணக்கு மென்பொருள் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திறக்கும்போதெல்லாம் தன் ஃபோல்டரில் எதையோ எழுதப் பார்க்கும், சாதாரண அக்கவுண்டில் முடியாமல் பிழை காட்டும். புகார் கேட்டு அலுத்துப்போன பொறுப்பாளர், அந்த ஃபோல்டருக்கு 'யாரும் எழுதலாம்' என்று அனுமதி கொடுத்துவிடுகிறார். பிழை நின்றுவிட்டது. அப்டேட்டும் இனி பாஸ்வேர்டு கேட்காமல் ஏறுகிறது. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் இப்போது அந்த ஃபோல்டரில் உள்ள எக்ஸ்இ ஃபைலை, அதாவது புரோகிராமையே, யார் வேண்டுமானாலும் மாற்றலாம். காலையில் வந்த ஒருவர் அதே பெயரில் வேறொரு ஃபைலை வைத்துவிட்டுப் போகிறார். மதியம் வருபவர் வழக்கம்போல ஐகானைத் தட்டுகிறார். அந்தப் போலி ஃபைல் அவருடைய பெயரில், அவருடைய ஆவணங்கள் எல்லாம் எட்டும் தூரத்தில் ஓடுகிறது. மாலையில் பொறுப்பாளரே அட்மின் அக்கவுண்டில் வந்து அதைத் திறந்தால், கணினியே கைமாறிவிடும். இதில் வைரஸ் தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு ஃபைலைக் காப்பி செய்யத் தெரிந்தால் போதும். அப்டேட் தொல்லைக்காக ஃபோல்டர் அனுமதியைத் திறந்துவிடுவது எவ்வளவு பெரிய ஓட்டை என்று பலருக்கும் புரிவதில்லை. பொதுக் கணினிகளில் நடக்கும் தவறுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

இங்கே வரை வந்த கதை

ஒரே கணினியைப் பலர் பயன்படுத்துவது புதிதல்ல. தனிநபர் கணினிகள் வருவதற்கு முன் எல்லாக் கணினியும் பொதுக் கணினிதான். 1970-களின் யூனிக்ஸில் 'ரூட்' என்ற ஒரே ஒரு அக்கவுண்டுக்கு எல்லா அதிகாரமும் இருந்தது, மற்றவர்களுக்கு அவரவர் இடம் மட்டும். ஆனால் சில வேலைகளைச் சாதாரண ஆட்களும் செய்தாக வேண்டும். பாஸ்வேர்டு மாற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள்: பாஸ்வேர்டு ஃபைலில் ரூட் மட்டும்தான் எழுத முடியும் என்றால் ஒருவர் தன் பாஸ்வேர்டை எப்படி மாற்றுவது? இதற்கு டென்னிஸ் ரிச்சி கண்டுபிடித்த தீர்வு 'செட்யூஐடி'. ஆளுக்கு ரூட் அதிகாரம் கிடையாது. அவர் ஓட்டும் அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும், அந்த வேலைக்கு மட்டும் அதிகாரம் உண்டு. 1979-இல் இதற்குக் காப்புரிமையும் வழங்கப்பட்டது. வேலைக்கு அனுமதி தருவது என்ற யோசனை அவ்வளவு பழையது. 1975-இல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதையே ஒரு கொள்கையாக வகுத்தது: எந்த ஒரு புரோகிராமும் பயனரும் தம் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த அதிகாரத்தோடுதான் இயங்க வேண்டும். 1980-வாக்கில், ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் ரூட் அதிகாரத்தில் செய்ய விடும், இன்று லினக்ஸிலும் மேக்கிலும் இருக்கும் 'சூடோ' கட்டளை பஃபலோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது.

இதற்கிடையே வீட்டுக் கணினிகள் வந்தன. அவை 'ஒரு ஆளுக்கு ஒரு கணினி' என்ற எண்ணத்தில் செய்யப்பட்டவை. விண்டோஸ் 95-இல் ஃபைல்களுக்கு அனுமதி என்று ஒன்றே கிடையாது. 1993-இல் வந்த விண்டோஸ் என்டியில் அனுமதி முறை முழுமையாக இருந்தாலும் அது அலுவலகங்களுக்கானது. இரண்டும் 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியாக ஒன்று சேர்ந்தபோது, வீட்டுக் கணினியை முதன்முதலில் அமைக்கும்போது உருவாகும் அக்கவுண்டுகள் அட்மின் அக்கவுண்டுகளாகவே இருந்தன. மென்பொருள் எழுதியவர்களும் அட்மினாக உட்கார்ந்தே எழுதினார்கள். தங்கள் புரோகிராம் கண்ட இடத்தில் எழுதலாம் என்றே நினைத்துக்கொண்டார்கள். சாதாரண அக்கவுண்டில் பாதி மென்பொருள்கள் முரண்டுபிடித்தன. மேலே சொன்ன கணக்கு மென்பொருளின் பிழை அந்தக் காலத்தின் மிச்சம்தான்.

2007-இல் விண்டோஸ் விஸ்டா பொதுமக்களுக்கு வந்தபோது, யூஏசி என்ற அனுமதிப் பெட்டியும் சேர்ந்து வந்தது. அது கிடைத்த இடத்தில் எல்லாம் குறுக்கே வந்து நின்றதால் மக்கள் திட்டித் தீர்த்தார்கள். 2009-இல் விண்டோஸ் 7 அதைக் குறைத்தது. ஆனால் அந்தப் பெட்டியால்தான் மென்பொருள் நிறுவனங்கள் தங்கள் புரோகிராம்களைத் திருத்தி எழுதின என்பதைச் சொல்லியாக வேண்டும். பெட்டி வரும்போது திரை மங்குவதும் சும்மா அல்ல. அந்தப் பெட்டி தனியான ஒரு திரையில் காட்டப்படுகிறது. பின்னால் ஓடும் சாதாரண புரோகிராம்கள் எதுவும் உங்களுக்குப் பதிலாக 'சரி' என்று அழுத்தவோ நீங்கள் தட்டும் பாஸ்வேர்டை எட்டிப் பார்க்கவோ முடியாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

இன்னொரு சின்ன விவரம். பழைய பாணியில் எழுதப்பட்ட 32 பிட் புரோகிராம் ஒன்றின் ஃபைல் பெயரில் 'செட்டப்', 'இன்ஸ்டால்', 'அப்டேட்' போன்ற சொற்கள் இருந்தால், விண்டோஸ் அதை நிறுவி (மென்பொருளை நிறுவித் தரும் புரோகிராம்) என்று ஊகித்துக்கொண்டு தானாகவே அனுமதி கேட்கும். அட்மின் தேவையே இல்லாத ஒரு சிறிய கருவி வெறும் பெயரால் பாஸ்வேர்டு கேட்பது உண்டு. காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் பலர்.

புதிதாக நிறுவுவதும் இருப்பதைப் புதுப்பிப்பதும் வேறு வேறு

2009 நவம்பரில் லினக்ஸ் உலகில் ஒரு சண்டை நடந்தது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஃபெடோராவின் 12-ஆம் பதிப்பு வெளியானபோது, கணினியின் முன் நேரில் உட்கார்ந்திருக்கும் எந்தச் சாதாரணப் பயனரும், நம்பகமான களஞ்சியத்தில் (மென்பொருள்களைத் தொகுத்து வைத்திருக்கும் இடம்) டிஜிட்டல் கையொப்பத்தோடு (வெளியிட்டவர் யார் என்பதற்கான சான்று) இருக்கும் எந்த மென்பொருளையும், ரூட் பாஸ்வேர்டு இல்லாமலேயே நிறுவலாம் என்று ஆக்கியிருந்தார்கள். கையொப்பம் இருக்கும்போது என்ன பயம் என்பது ஒரு தரப்பின் வாதம். எதிர்த்தவர்கள் சொன்னது எனக்கு இன்றும் சரியாகப் படுகிறது: மென்பொருள் நல்லதாகவே இருக்கட்டும், அந்தக் கணினியில் அது இருக்க வேண்டுமா என்பதைப் போகிறவர் வருகிறவர் முடிவு செய்யக் கூடாது. நல்ல மென்பொருளிலும் ஓட்டை இருக்கலாம், அது நெட்வொர்க்கில் ஒரு கதவைத் திறந்து வைக்கலாம். எதிர்ப்பு வலுத்ததும் ஃபெடோரா சில நாட்களிலேயே பின்வாங்கி, பாஸ்வேர்டு கேட்கும் பழைய முறைக்குத் திரும்பியது.

அந்தச் சண்டையில் நான் கவனிப்பது வேறொன்றை. லினக்ஸில் மென்பொருள் நிறுவும் பேக்கேஜ்கிட் என்ற அமைப்பில், புதிதாக ஒன்றை நிறுவுவதும் ஏற்கெனவே இருப்பதைப் புதுப்பிப்பதும் தனித்தனி அனுமதிகள். முதலாவதற்கு பாஸ்வேர்டு கேள், இரண்டாவதைக் கேட்காமல் விடு என்று பொறுப்பாளர் தனித்தனியாக விதி வைக்கலாம். இது மிகச் சரியான பிரிப்பு. ஒரு மென்பொருள் இந்தக் கணினியில் இருக்கலாம் என்று ஒருவர் ஒருமுறை முடிவு செய்துவிட்டால், அதன் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்டுக்கு மறுபடி மறுபடி ஆள் தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் 'அனட்டெண்டட் அப்கிரேட்ஸ்' என்ற ஏற்பாடு பாதுகாப்பு அப்டேட்டுகளை யாரையும் கேட்காமல் பின்னணியில் ஏற்றிவிடும்.

விண்டோஸ் அப்டேட்டும் அப்படித்தான். அது கணினிக்கே உரிய, முழு அதிகாரமுள்ள 'சிஸ்டம்' என்ற அக்கவுண்டில் ஓடும் ஒரு சர்வீஸ், அதாவது பின்னணியில் இயங்கும் புரோகிராம். உட்கார்ந்திருப்பவர் அட்மினா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையில் அப்டேட்டுகளை வெளியிட்டு வருகிறது. பொதுக் கணினியில் அவை தானாக ஏறிவிடும், கடைசியில் ஒரு ரீஸ்டார்ட் மட்டும் தேவை. சிக்கல் பெரும்பாலும் மற்ற நிறுவனங்களின் மென்பொருள்களில்தான்.

அவையும் தீர்வு தேடின. 2012 ஏப்ரலில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 12-இல் ஒரு 'மெயின்டனன்ஸ் சர்வீஸ்' சேர்ந்தது. முதல் முறை நிறுவும்போது மட்டும் அட்மின் அனுமதி தந்தால் போதும். அதற்குப் பிறகு புதிய பதிப்பு வந்தால், சாதாரணப் பயனரின் பிரவுசர் அந்தச் சர்வீஸிடம் சொல்லும். சர்வீஸ், வந்திருப்பது மொசில்லாவின் கையொப்பம் கொண்டதுதானா என்று சரிபார்த்துவிட்டுத் தானே ஏற்றிவிடும். பெட்டியும் வராது, பாஸ்வேர்டும் வேண்டாம். கணினி முழுமைக்கும் நிறுவப்பட்ட கூகுள் குரோமும் இதே போன்ற சர்வீஸை வைத்திருக்கிறது.

இங்கே எல்லாமே அந்தக் கையொப்பச் சோதனையை நம்பித்தான் இருக்கிறது. அது பிசகினால், சர்வீஸே தாக்குபவரின் கையில் அட்மின் ஆகிவிடும். மேக்கில் ஜூம் செயலியின் அப்டேட்டரில் அப்படி ஒரு பிழை இருந்ததை, 2022 ஆகஸ்டில் டெஃப் கான் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் பாதுகாப்பு ஆய்வாளர் பேட்ரிக் வார்டில் விளக்கினார். அந்த அப்டேட்டர் ரூட் அதிகாரத்தில் ஓடியது. வந்த ஃபைல் ஜூமுடையதுதானா என்று சோதிக்கவும் செய்தது. ஆனால் ஃபைலின் பெயரிலேயே ஜூமின் சான்றிதழ்ப் பெயரை எழுதி வைத்தால், சோதனை அதைப் பார்த்து ஏமாந்து சரி என்று விட்டுவிடும். சாதாரண அக்கவுண்டில் இருக்கும் ஒருவர் அந்த வழியாக ரூட் ஆகிவிடலாம். பிழை பின்னர் திருத்தப்பட்டது. இதனால் சர்வீஸ் முறையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு அப்டேட் சர்வீஸ் வைத்துக்கொண்டால் காவல் காக்க வேண்டிய வாசல்களும் கூடுகின்றன, அதனால் பொதுக் கணினியில் யாரும் பயன்படுத்தாத மென்பொருளை நீக்கிவிடுவதும் பராமரிப்புதான் என்கிறேன்.

அனுமதி கேட்காமல் நுழையும் வழி

அட்மின் அனுமதியே வேண்டாம் என்று சில மென்பொருள்கள் இன்னொரு வழி பிடிக்கின்றன: பயனரின் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே தங்களை நிறுவிக்கொள்வது. அட்மின் அனுமதி மறுக்கப்பட்டால், அது இல்லாமலே நிறுவட்டுமா என்று குரோம் கேட்கும். சரி என்றால் 'ஆப்டேட்டா' என்ற மறைவான ஃபோல்டரில் போய் உட்காரும். தனிக் கணினியில் இது வசதி.

பொதுக் கணினியில் இது மெல்ல வளரும் குழப்பம். முப்பது பேருக்கு அக்கவுண்டு இருக்கும் கணினியில், ஒரே பிரவுசரின் முப்பது பிரதிகள் இருக்கலாம். தினமும் வருபவரின் பிரதி புதியதாக இருக்கும். போன வருடம் ஒரே ஒரு முறை வந்தவருடையது போன வருடப் பதிப்பிலேயே நிற்கும், ஏனென்றால் அவர் லாகின் செய்தால்தான் அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். பொறுப்பாளர் தன் அக்கவுண்டில் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும், பழையவை கண்ணில் படாது. போதாக்குறைக்கு, எந்தப் புரோகிராம் ஓடலாம் என்று வரையறுக்கும் ஆப்லாக்கர் போன்ற கட்டுப்பாட்டை அதன் வழக்கமான விதிகளோடு போட்டிருந்தால், சாதாரணப் பயனர்கள் பொது இடத்தில் நிறுவப்பட்டதை மட்டும்தான் ஓட்ட முடியும், ஆப்டேட்டாவில் இருப்பது திறக்கவே திறக்காது. பலர் பயன்படுத்தும் மென்பொருளைக் கணினி முழுமைக்கும் ஒரே பிரதியாக நிறுவுவதே நல்லது. பல நிறுவனங்கள் அதற்கென்றே தனி நிறுவியைத் தருகின்றன.

பாஸ்வேர்டு தட்டிய பிறகும் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

பொறுப்பாளரைக் கூப்பிட்டாயிற்று, அவர் வந்து பாஸ்வேர்டும் தட்டிவிட்டார். அப்புறமும் அப்டேட் ஏறவில்லை அல்லது ஏறியது காணாமல் போகிறது. இதற்குச் சில வழக்கமான காரணங்கள் உண்டு.

சாதாரண அக்கவுண்டில் இருக்கும்போது வேறொருவரின் அட்மின் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினால், அந்த நிறுவி அந்த நிமிடம் முதல் அந்த அட்மினாகவே ஓடுகிறது. 'என் டெஸ்க்டாப்', 'என் செட்டிங்' என்று அது நினைப்பதெல்லாம் அட்மினுடையவை. ஒழுங்காக எழுதப்படாத நிறுவி என்றால், ஐகானும் செட்டிங்குகளும் அட்மினின் அக்கவுண்டில் போய் இறங்கும். உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. 'இன்ஸ்டால் ஆச்சு என்று வந்ததே, எங்கே போச்சு?' என்ற கேள்விக்குப் பல நேரம் இதுதான் பதில்.

இன்னொன்று, 'சுவிட்ச் யூசர்' போட்டுவிட்டுப் போனவர்கள். அவர்கள் லாகவுட் செய்யவில்லை, அவர்கள் திறந்து வைத்த புரோகிராம் பின்னால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பயன்பாட்டில் இருக்கும் ஃபைலை விண்டோஸ் மாற்ற விடாது. நிறுவி அந்த மாற்றத்தை ஒரு பட்டியலில் எழுதி வைத்து, அடுத்த ரீஸ்டார்ட்டில் செய்யச் சொல்லும். பொதுக் கணினியை யாரும் ரீஸ்டார்ட் செய்வதில்லை, மூடியைச் சாத்திவிட்டுப் போவதோடு சரி. பட்டியல் அப்படியே கிடக்கும். லினக்ஸில் ஃபைல் உடனே மாறிவிடும், ஆனால் ஏற்கெனவே ஓடும் புரோகிராம் மூடித் திறக்கும்வரை பழைய பதிப்பிலேயே ஓடும்.

டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் போட்ட ஆய்வகங்களில் கதை வேறு. ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் கணினி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மாணவர் எதைக் கலைத்தாலும் மறுநாள் சுத்தமாக இருக்கும் என்பதற்காகத்தான் அதைப் போடுகிறார்கள். அதே காரணத்தால் நேற்று ஏற்றிய அப்டேட்டும் போய்விடும். உறைந்த நிலையை விலக்கி, அப்டேட் செய்து, மறுபடி உறைய வைக்க ஒரு பராமரிப்பு நேரம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத ஆய்வகத்தில், கணினி தினமும் காலையில் அதே பழைய ஓட்டைகளோடு புதிதாக எழுந்திருக்கும்.

மேக்கில் வேறொரு நுணுக்கம். 2020 இறுதியில் தொடங்கிய ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளில், இயங்குதளத்தை அப்டேட் செய்ய 'வால்யூம் ஓனர்' என்ற தகுதி உள்ள அக்கவுண்டின் ஒப்புதல் வேண்டும். வெறும் அட்மினாக இருந்தால் போதாது. கணினியை முதலில் அமைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றால் இது பெரிய தலைவலி ஆகலாம்.

பிரிண்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 கோடையில் விண்டோஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் பிரிண்ட் ஸ்பூலரில் 'பிரிண்ட் நைட்மேர்' என்ற ஓட்டை அம்பலமானது. பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரைச் சாதாரணப் பயனரும் ஏற்ற முடிந்ததை வைத்தே கணினியைப் பிடிக்க முடிந்தது. 2021 ஆகஸ்ட் 10-இல் வந்த அப்டேட்டிலிருந்து, பிரிண்டர் டிரைவர் ஏற்றவும் புதுப்பிக்கவும் அட்மின் அனுமதி கட்டாயம் ஆனது. அலுவலகங்களில் நேற்றுவரை அச்சடித்தவர்கள் திடீரென்று பாஸ்வேர்டு பெட்டியைப் பார்த்தார்கள். பலர் அந்தப் பாதுகாப்பையே ரெஜிஸ்ட்ரியில் அணைத்தார்கள். டிரைவரை முன்கூட்டியே எல்லாக் கணினியிலும் ஏற்றி வைப்பதுதான் சரியான வழி. அதற்குக் கொஞ்சம் உழைப்பு வேண்டும், அவ்வளவுதான்.

பாஸ்வேர்டு பரவும் விதம்

அட்மின் பாஸ்வேர்டு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவது எப்போதும் நல்லெண்ணத்தில்தான். அவசரமாக ஒரு அப்டேட், பொறுப்பாளர் விடுப்பில் இருக்கிறார், போனில் சொல்கிறார். இரண்டு மாதம் கழித்து அது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இதில் மோசமானது, எல்லாக் கணினிக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு வைப்பது. ஒரு கணினியில் அது தெரிந்தால் எல்லாமே திறந்த வீடுதான்.

பெரிய நிறுவனங்களிலும் இதே சறுக்கல் நடந்தது. விண்டோஸ் டொமைனில் (ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கப்படும் கணினிகளின் தொகுப்பு), எல்லாக் கணினிக்கும் அட்மின் பாஸ்வேர்டைக் குரூப் பாலிசி என்ற பொது விதிமுறை வழியாக அனுப்பும் வசதி ஒரு காலத்தில் இருந்தது. டொமைனில் உள்ள எந்தப் பயனரும் படிக்கக்கூடிய ஒரு ஃபைலில், பூட்டிய வடிவில் அது இருக்கும். ஆனால் அந்தப் பூட்டின் சாவியை மைக்ரோசாஃப்ட்டே தன் தொழில்நுட்ப ஆவணத்தில் வெளியிட்டிருந்தது. 2014 மே மாதத்து அப்டேட் அந்த வசதியை நிறுத்தினாலும், ஏற்கெனவே எழுதி வைத்த பாஸ்வேர்டுகளை அழிக்கவில்லை. மறுவருடம், 2015-இல், மைக்ரோசாஃப்ட் 'லாப்ஸ்' என்ற இலவசக் கருவியைக் கொடுத்தது. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாக, ஊகிக்க முடியாத பாஸ்வேர்டு, வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை தானாக மாறும். 2023 ஏப்ரலிலிருந்து அது விண்டோஸிலேயே சேர்ந்து வருகிறது. ஒரு கணினிக்கான பாஸ்வேர்டை அவசரத்துக்கு ஒருவரிடம் சொன்னாலும், உடனே அதை மாற்றிவிடலாம். இத்தனைக்கும் இது கூடுதல் செலவில்லாத ஏற்பாடு. பத்துக் கணினிக்கு மேல் டொமைனில் வைத்திருப்பவர் எவரும் இதைப் போடாமல் இருக்கக் கூடாது.

தள்ளிப்போட்டால்

2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸின் ஃபைல் பகிரும் பகுதியில் இருந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை வெளியிட்டது. 59 நாள் கழித்து, மே 12 அன்று, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீய மென்பொருள் அதே ஓட்டை வழியாக உலகம் முழுக்கப் பரவியது. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில், மருத்துவமனை அறக்கட்டளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டது. அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குத் தாவ வானாக்ரைக்கு எந்தப் பயனரின் அனுமதியும் தேவைப்படவில்லை. அது நுழைந்த பகுதியே சிஸ்டம் அதிகாரத்தில் ஓடுவது. அப்டேட்டுக்கு யாராவது வர வேண்டும் என்று காத்திருந்த கணினிகளில், தாக்குதல் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

மறுபக்கமும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்குத் தானாக வந்த ஒரு பிழையான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. ஒவ்வொரு கணினிக்கும் ஒருவர் நேரில் போய், சேஃப் மோடில் (மிகத் தேவையானவை மட்டும் ஓடும் நிலை) திறந்து, ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. அதற்கு அட்மின் அனுமதி வேண்டும், வட்டு பூட்டப்பட்டிருந்தால் அந்தப் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவியும் வேண்டும். அவை எங்கே இருக்கின்றன என்று தெரியாத இடங்களில் நாள்கணக்கில் இழுத்தது. அதனால் தானாக ஏறும் அப்டேட்டை அணைப்பதை நான் ஏற்கமாட்டேன். முதலில் இரண்டு கணினியில் ஏற்றிப் பார்த்து, ஒருநாள் விட்டு மற்றவற்றில் ஏற்றுவதும், மீட்புச் சாவிகளை அந்தக் கணினிகளுக்கு வெளியே பத்திரமாக வைப்பதும் போதும்.

யார் எதைச் செய்வது

பொதுக் கணினியில் உட்காருபவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் அது உதவும். பெட்டி வந்தால் மூடிவிட்டு மறக்காமல், எந்த மென்பொருள், யார் வெளியிட்டது என்று பெட்டியிலேயே எழுதியிருப்பதைக் குறித்துப் பொறுப்பாளரிடம் சொல்லலாம். போகும்போது லாகவுட் செய்யலாம். பிரவுசரில் திறந்த ஒரு வலைப்பக்கம் 'உங்கள் பிரவுசர் பழையது, இதை இறக்கி ஏற்றுங்கள்' என்றால் அது ஏமாற்று வேலை. உண்மையான பிரவுசர் அப்டேட் மெனுவிலிருந்து வரும், பக்கத்துக்குள்ளிருந்து வராது. இதற்காகப் பொறுப்பாளரைக் கூப்பிட்டு பாஸ்வேர்டு தட்ட வைத்தால், கெடுதல் அட்மின் அதிகாரத்தோடு உள்ளே போகும்.

வீட்டில் என்றால், எல்லோருக்கும் சாதாரண அக்கவுண்டு, கணினியை வாங்கியவருக்கும் சேர்த்து. அட்மின் அக்கவுண்டு தனியாக ஒன்று இருக்கட்டும், அதில் யாரும் அன்றாட வேலை பார்க்க வேண்டாம். ஆரம்பத்தில் இரண்டு வாரம் தொல்லையாக இருக்கும், அப்புறம் பெட்டி வருவதே அபூர்வமாகிவிடும்.

ஆய்வகத்தையோ சிறிய அலுவலகத்தையோ பார்த்துக்கொள்பவர், முதலில் எந்தெந்த மென்பொருள் தானே புதுப்பித்துக்கொள்கிறது, எது ஆள் கேட்கிறது என்று ஒரு பட்டியல் போடட்டும். பெரும்பாலும் ஆள் கேட்பவை நாலைந்துதான் இருக்கும். அவற்றுக்கு வாரத்தில் ஒரு நேரம் குறித்து, எல்லோரையும் லாகவுட் செய்து, ரீஸ்டார்ட் செய்து, ஏற்றி, மறுபடி ரீஸ்டார்ட் செய்வது ஒரு மணி நேர வேலை. கணினிகள் கூடினால் இன்ட்யூன் போன்ற மையக் கருவிகள் அதைத் தூரத்திலிருந்தே சிஸ்டம் அதிகாரத்தில் செய்துவிடும், எந்தக் கணினியிலும் பாஸ்வேர்டு தட்ட வேண்டியதில்லை. எப்படிச் செய்தாலும், முடித்த பிறகு அட்மின் அக்கவுண்டிலிருந்து வெளியே வந்து, ஒரு சாதாரண அக்கவுண்டில் நுழைந்து, மென்பொருளின் 'அபவுட்' பக்கத்தில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். அட்மின் அக்கவுண்டில் புதியதாகவும் மற்றவர்களுக்குப் பழையதாகவும் இருந்தால், அந்தப் பயனர்களின் ஆப்டேட்டாவில் தனிப் பிரதி கிடக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதை நீக்கிவிட்டு, பொதுப் பிரதியைத் திறக்கும் ஐகானை வைத்துக் கொடுங்கள்.